கதவு திறக்கும் பொத்தான்

மூங்கில் கழியில் துணி மாட்டும்போது
கிளிப் ஒன்று நழுவி விழுந்தது.
பதினோராம் மாடி. நல்லவேளை, உள்பக்கம்.
சுவரை விட்டு நடக்க
அந்த வாரம்தான் பழகியிருந்தாய்.
தள்ளாடி வந்து, குனிந்து, எடுத்து,
என் கையில் வைத்துவிட்டு
முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனாய்,
ஏதோ பழைய கடனைத் தீர்த்தவள்போல.
நான் கேட்கவில்லை.
யாரும் சொல்லித் தந்திருக்கவும் இல்லை.
நம்பாமல்
அடுத்ததை நானே போட்டேன். கொண்டு வந்தாய்.
மூன்றாவதுக்கு
என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய்.

பிறகு கெடுத்தது நான்தான்.
ஐஸ்பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை:
பொம்மையை எடுத்து வைத்தால் ஒரு நட்சத்திரம்,
காலணியை அடுக்கினால் ஒன்று,
பத்து சேர்ந்தால் மைலோ ஐஸ்.
பன்னிரண்டாம் நாள் கிளிப் விழுந்தது.
சோபாவிலிருந்து அசையாமல் கேட்டாய்,
"எத்தனை ஸ்டார்மா?"
அன்றிரவு அட்டவணையைக் கிழித்தேன்.
அதைப் பிடித்திருந்த மீன் காந்தம் மட்டும்
இன்னும் எதையும் பிடிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்து வயதில் நீ சட்டமானாய்.
யீஷூன் உணவங்காடியில்
தட்டை மேசையிலேயே விட்டுப்போன ஒருவரின் முதுகைப் பார்த்து
"அங்கிள், ஃபைன்!" என்று கத்தினாய்.
அவர் திரும்பி வந்து எடுத்தார்.
என் மீன் சூப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அதே ஆண்டுதான் பாலர் பள்ளி வழக்கும்.
நீ கட்டிய கோபுரத்துக்கு
உச்சியில் ஒரு கட்டை வைத்துத் தர வந்த ஜுன் வெய்
முழங்கை பட்டு மொத்தத்தையும் சரித்தான்.
ரயான் வேண்டுமென்றே தட்டியது
ஒன்றே ஒன்று.
"ஜுன் வெய்தான் ரொம்ப பேட்.
பதினாலு கட்டை விழுந்துச்சு."
விரல்விட்டு எண்ணிக் காட்டினாய்.
விரல் போதாமல் என் விரல்களையும் கேட்டாய்.
நான் வாதாடவில்லை. களைத்திருந்தேன்.
இரவுப் பணி முடிந்து வந்தவளுக்கு
தீர்ப்பைத் திருத்தத் தெம்பு ஏது.

மாதங்கள் போயின.
ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவள்
வாய் நிறைய நுரையோடு சொன்னாய்,
"அவன் ஹெல்ப் பண்ணத்தாம்மா வந்தான்."
யார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது.
எங்கே வைத்திருந்தாய் அதை,
இத்தனை நாளாய்,
யாருக்கும் தெரியாமல் புரட்டிப் புரட்டி?

சென்ற செவ்வாய். காலை ஏழு இருபது.
மின்தூக்கிக்குள் நாம் இருவர்.
தாழ்வாரத்தின் கடைசியில்
மக்சிக் ரொஹானாவின் சந்தை வண்டி
கடகடவென்று வரும் சத்தம்.
என் கட்டைவிரல்
மூடும் பொத்தானை அழுத்தியது.
ஒருமுறை அல்ல, மூன்று முறை.
"அவங்க வந்தாங்களே?"
"அம்மா பார்க்கலை, சம்யுக்தா."
நீ மறுக்கவில்லை.
பதினொன்று, பத்து, ஒன்பது என்று
இறங்கும் எண்களையே பார்த்திருந்தாய்.
அவ்வளவு மெதுவாக அது இறங்கி
நான் கண்டதில்லை.

இன்று எனக்கு முன்னால் ஓடினாய்.
நான் வந்தபோது
நுனிக்காலில் நின்று, பை முதுகில் சரிய,
திறக்கும் பொத்தானை
விரல்நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தாய்.
தாழ்வாரம் காலி.
ஒரு மைனா மட்டும்
யார் வீட்டுக் காலணியையோ ஆராய்ந்துகொண்டிருந்தது.
"யாருடா வர்றாங்க?"
"தெரியல."
கதவு கத்தத் தொடங்கியது.
கீழே நம் பேருந்து
நிறுத்தத்தை விட்டு நகர்வது கேட்டது.
உன்னை அதட்ட வாயெடுத்தேன்.

பிறகு தலையை வெளியே நீட்டி
இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை
பார்த்தேன்:
யாராவது
வந்து தொலைத்தால் தேவலை.